இரண்டு விரல் தாழ்ந்து வந்த படகு

பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய பயணங்களைத்தான் இங்கே எழுதி வருகிறேன். ஆனால் என் வேலை என்னவென்று ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து பேருந்து நேரம் கேட்பவர்களைவிடக் கப்பலைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு சின்ன ஆணி தண்ணீரில் மூழ்குகிறது, அத்தனை பெரிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது? ஏரியில் மிதப்பதும் கடலில் மிதப்பதும் ஒன்றா? அவ்வளவு உயரமாக இருந்தும் ஏன் கவிழ்வதில்லை? ஓட்டை விழுந்தால் உடனே மூழ்கிவிடுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பணி ஓய்வு பெற்றவர்கள் வரை இதையேதான் கேட்கிறார்கள்.

என் வேலை துறைமுகத்தில் சரக்குக் கப்பலின் எடையைக் கணக்கிடுவது. தராசு கிடையாது. கப்பலின் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக எண்கள் எழுதியிருக்கும். சரக்கு ஏற்றுவதற்கு முன் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது, ஏற்றிய பின் எந்த எண்ணைத் தொடுகிறது என்று ஒரு சிறு படகில் போய்ப் பார்த்து வருவேன். கப்பல் எவ்வளவு தாழ்ந்ததோ அதை வைத்து உள்ளே எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வீடு விழுப்புரத்தில் இருப்பதால் வாரக் கடைசியில்தான் வந்து போகிறேன்.

எழுதி விளக்கினால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. செய்து காட்டி, படம் எடுத்துப் போடலாம் என்று தோன்றியது. இரண்டங்குல பிவிசி குழாயில் ஒன்றரை அடி வெட்டி, அடியை மூடி, நிமிர்ந்து மிதக்கும் அளவுக்குச் சரளைக்கல் போட்டு, வெளியே ஒரு அளவுப் பட்டையை ஒட்டினேன். வீட்டு வாளியில் விட்டால் சரியாக இருபது சென்டிமீட்டர் வரை மூழ்கி நின்றது. இதே குழாயைத் திண்டிவனம் ஏரியில் ஒருமுறை, மரக்காணம் உப்பளத்தில் ஒருமுறை, கடலில் ஒருமுறை விட்டுப் பார்ப்பது என்று திட்டம். மார்ச் முதல் சனிக்கிழமை கிளம்பினேன். உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்கும், ஏரியிலும் தண்ணீர் வற்றியிருக்காது. அந்த மாதத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் 5.40 வண்டி. திண்டிவனம் 38 கிலோமீட்டர், கட்டணம் 36 ரூபாய். 6.35க்கு இறங்கிவிட்டேன். மேம்பாலத்தடியில் ஒரு காபி குடித்துவிட்டுக் கிடங்கல் ஏரிக்கு ஆட்டோ பிடித்தேன். அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பது கொடுத்தேன். கரையில் ஆகாயத்தாமரை இல்லாத ஒரு இடம் தேடவே பத்து நிமிடம் ஆயிற்று. குழாயை விட்டேன். 20.0. நல்ல தண்ணீருக்கு வீட்டு வாளி என்ன, ஏரி என்ன, எல்லாம் ஒன்றுதான்.

முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வாளித் தண்ணீரில் நிமிர்த்தி விடுங்கள், மிதக்கும். ஒரு எவர்சில்வர் கரண்டியைப் போடுங்கள், அடியில் போய்விடும். இரண்டும் ஒரே உலோகம். டம்ளர் தன் வயிற்றளவுக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கப்பட்ட தண்ணீர் என்ன எடையோ, அந்த அளவுக்குத் தண்ணீர் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. கரண்டிக்கு வயிறு இல்லை. கப்பல் ஒரு பெரிய டம்ளர், அவ்வளவுதான். உள்ளே எடை கூடக்கூட இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஒதுக்கிக்கொள்ளும்.

7.45க்கு மரக்காணம் வண்டி. 33 கிலோமீட்டர், 28 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வலப்பக்க ஜன்னல் வேண்டாம், வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. மரக்காணம் வருவதற்குச் சற்று முன்னாலேயே இருபுறமும் உப்பளம் தொடங்கிவிடும். அங்கே இறங்கி, குழாயை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாத்தியில் தண்ணீர் கணுக்கால்கூட மூழ்காது, என் குழாய் எப்படி நிற்கும்? உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஒரு பழைய வாளி நிறைய மொண்டு கொடுத்தார்.

"பைப்ப வெச்சிகினு இன்னா பாக்கறீங்க சார், போரு போடப் போறீங்களா? இங்க போரு போட்டா இதே தண்ணி தான் வரும்" என்று சிரித்தார்.

குழாய் 16.7இல் நின்றது. அவரே குனிந்து பார்த்துவிட்டு, "மேல தூக்கிக்கினு நிக்குதே" என்றார். உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் கொஞ்சம் ஒதுக்கினாலே போதும், பொருள் உயர்ந்து நிற்கும். இதைப் படம் பிடித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். வந்த வேலையில் பாதி முடிந்தது என்று நினைத்தேன்.

மரக்காணம் கடைத்தெருவில் இருந்து கடற்கரைக் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். குப்பத்தின் பெயரை எழுதவில்லை. அது அவர்கள் கேட்டுக்கொண்டது. பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மற்றதை எழுதலாம் என்று அவர்களே சொன்ன பிறகுதான் இந்தக் கட்டுரை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 9.50. டீக்கடையில் வாளி இரவல் வாங்கிக் கடல் தண்ணீர் மொண்டு குழாயை விட்டேன். 19.5. குறித்துக்கொண்டேன். 11.40 பேருந்தைப் பிடித்தால் இரண்டு மணிக்கு வீட்டில் சாப்பாடு. அந்த நேரத்தில்தான் கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தன.

அடுத்தடுத்து இரண்டு ஃபைபர் படகுகள் வந்தன, ஒன்று பச்சை, ஒன்று நீலம். நீளம், அகலம், மூக்கின் வளைவு எல்லாம் அச்சு அசலாக ஒன்று. ஒரே அச்சில் ஒரே வாரத்தில் செய்தவை என்று டீக்கடைக்காரர் சொன்னார். இரண்டிலும் நான்கு பேர், இரண்டிலும் கொஞ்சம்தான் மீன். ஆனால் நீலப் படகு, பச்சையைவிட இரண்டு விரல்கடை தாழ்ந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அதுதான் என் தொழில் வியாதி.

பச்சைப் படகை எட்டுப் பேர் மணலில் தள்ளி ஏற்றினார்கள். நீலத்துக்கு அதே எட்டுப் பேர் கைவைத்தும் அசையவில்லை. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "சார், ஒரு கை குடுங்க" என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன். என்னோடு பன்னிரண்டு பேர். தள்ளுவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில், "எறங்குண்ணே!" என்றார்கள். படகு நகர்ந்தது. நின்றது. மறுபடியும் "எறங்குண்ணே!" படகில் யாருமே இல்லை. பாரம் தூக்கும்போது சொல்கிற வெறும் சொல் என்றுதான் நான் நினைத்தேன்.

மேலே ஏற்றி முடித்ததும் படகுக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பெயர் ஏழுமலை, நாற்பது வயதுக்குள் இருக்கும். யாரை இறங்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் படகின் முன்பக்கத்தைக் காட்டினார். முன்தளத்தின்மேல் நான்கு போல்ட் போட்டு முடுக்கிய ஓர் எவர்சில்வர் சட்டம், அதற்குள் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு போட்டோ. அடர்ந்த மீசை வைத்த ஒரு மனிதர். கீழே கற்பூரம் ஏற்றிய கறை.

"எங்க அண்ணன், குமரேசன். நாலு வருசம் ஆவுது சார். ஐப்பசில, இதே போட்டுல ரெண்டு பேரும் போனோம். ஆறு கிலோமீட்டர் உள்ள. ஒரு அலைல போட்டு ஒருக்களிச்சிது. நான் பிடிச்சிக்கினேன். அவரு வுழுந்துட்டாரு. கெடைக்கவே இல்ல."

பிறகு அவரே சொன்னார்: "போட்டோ வெச்சதுல இருந்து போட்டு கனமாயிட்டே வருது சார். மொத வருசம் ஒம்போது பேரு. அப்புறம் பத்து. இப்ப பன்னண்டு. அண்ணன் எங்க கூடவே வந்துகினு இருக்காரு, கரைக்கு வந்தாலும் எறங்க மாட்டேங்கறாரு. அதான் சொல்லித் தள்ளுவோம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை, ஒரு நிம்மதி இருந்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நான்கு போல்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைபர் படகுக்குத் தளம் ஒன்று, அடி ஒன்று. இரண்டுக்கும் நடுவே தெர்மாகோல் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிக் காற்றுப் புகாமல் மூடியிருப்பார்கள். படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் அது மூழ்காமல் மிதப்பது இந்த மூடிய அறையால்தான். அந்த அறையின் கூரையில் நான்கு துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். ஒட்டுப் பசை காய்ந்து பெயர்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கும். வெளியே வர வழியில்லை.

எழுந்து போய்த் தளத்தைக் கைமுட்டியால் தட்டினேன். பச்சைப் படகைத் தட்டினால் டம்டம் என்று ஒலித்தது. நீலப் படகில் நடுவிலிருந்து பின்பக்கம் வரை சத்தமே எழும்பவில்லை, ஈர மூட்டையைத் தட்டுவது போல இருந்தது. படகின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து, இரண்டு விரல்கடைக்கு மனக்கணக்குப் போட்டேன். முந்நூற்றைம்பது கிலோ. ஐந்து ஆள் கனம்.

கனம்கூடப் பரவாயில்லை. கனத்துக்குத் தகுந்தபடி படகு தாழ்ந்துகொள்ளும். அடைந்து கிடக்கும் தண்ணீர் ஓடுவதுதான் ஆபத்து. ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கையில் ஏந்தி நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடும், நிமிர்த்தவே விடாது. கப்பல் ஏன் கவிழ்வதில்லை என்று கேட்டீர்களே, எடை அடியில் இருக்கிறது, அது இடம் மாறாமல் இருக்கிறது, அதனால்தான். இடம் மாறுகிற தண்ணீர் உள்ளே இருந்தால் ஒரு பெரிய அலை போதும். அடுத்த ஐப்பசிக்கு இந்தப் படகு கடலில் இருக்கக் கூடாது. ஐப்பசி என்ன, நாளைக்கே இருக்கக் கூடாது. நான்கு பேர் போகிறார்கள்.

மணி 11.05. உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் பேருந்தைப் பிடித்துப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அறிமுகமே இல்லாதவர்கள். அவர்களுடைய அண்ணன் அவர்களோடு இருக்கிறார். அது அண்ணன் இல்லை, தண்ணீர் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கப்பல் வேலை, எனக்கு வரும் கேள்விகள் எல்லாவற்றையும் சொல்லி, ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். தட்டிக் காட்டினேன். அவரும் தட்டிப் பார்த்தார்.

"புரியுது சார். ஆனா அந்தச் சட்டத்த வெச்சது எங்க அண்ணி. வெல்டிங் கடைக்குப் போயி நின்னு செஞ்சி வாங்கியாந்தாங்க. அவங்ககிட்ட நான் எப்டி சொல்றது? நீங்களே சொல்லிடுங்க சார், என்னால ஆவாது."

அண்ணியின் பெயர் பூங்காவனம். மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். ஏழுமலை அழைத்து வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு படகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாலு வருசமா ஒண்ணும் ஆவல. காலைல அவரு மொகத்தப் பாத்துட்டுத்தான் போறாங்க, பத்திரமா வர்றாங்க. நீங்க ஒரு மணி நேரம் பாத்துட்டு அது தண்ணின்றீங்க."

"பின்பக்கம், அடியில ஒரே ஒரு துளை போட்டுப் பாத்துடலாங்க. தண்ணி வரலன்னா நான் சொன்னது தப்பு. துளைய அடைக்கிற வரைக்கும் இங்கயே இருந்து செஞ்சி குடுத்துட்டுப் போறேன்."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா சட்டத்த எடுக்கணுங்க. அது வழியாத்தான் போவுது."

அவர் ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார். அவன் தலைகுனிந்து நின்றான். இதற்கு முன்னால் அவர் என்று எழுதியவனை இங்கே அவன் என்று எழுதுகிறேன். அந்த நேரத்தில் அவன் அண்ணிக்கு முன்னால் நிற்கும் சின்னக் கொழுந்தனாகத்தான் தெரிந்தான். "போடுங்க" என்றார் பூங்காவனம்.

இன்ஜின் பழுது பார்ப்பவரிடம் பேட்டரியில் ஓடும் துளைக்கருவி இருந்தது. பின்பக்கம் தாழ்ந்த மூலையில் அவரே துளையிட்டார். கருவியை வெளியே இழுத்ததும் சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, பழுப்பாக, அழுகிய வாடையோடு. நான் சொன்னது சரியென்று ஆனதில் எனக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை.

மணலிலேயே ஓடட்டும் என்று நான் சொன்னேன். பூங்காவனம் கேட்கவில்லை. "மண்ணுல வுடாதீங்க" என்று சொல்லிவிட்டு இருபது லிட்டர் வாளி ஒன்றைக் கொண்டுவந்து கீழே வைத்தார். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் ஊற்றினார். திரும்பி வந்து மறுபடி வைத்தார். மற்றப் பெண்கள் கைகொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது. ஒரு வாளியில் என் குழாயை விட்டுப் பார்த்தேன். 19.6. கடல் தண்ணீரில் கொஞ்சம் மழைத் தண்ணீர் கலந்திருந்தது. அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது, சொல்லவில்லை.

11.40 பேருந்து போய்விட்டது. வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீரின் வேகம் குறைந்து ஒரு வாளி நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் பூங்காவனம் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார், நான் எதிரே மணலில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது வாளியோ பதினோராவதோ இருக்கும். அப்போதுதான் கேட்டார்.

"கப்பல்ல வேலன்னு ஏழுமல சொன்னான். இரும்புக் கப்பல் எப்டி மெதக்குதுன்னு எல்லாருக்கும் சொல்லித் தர்றீங்களாமே."

"ஆமாங்க."

"அம்மாம் பெரிய இரும்பு மெதக்குது. நல்லா நீஞ்சத் தெரிஞ்ச ஆளு, அவரு ஏன் சார் மெதக்கல?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சரியாகச் சொல்லியே பழகிய வாய். மனிதனை மிதக்க வைப்பது நெஞ்சில் இருக்கும் காற்று, அது போய்த் தண்ணீர் நிறைந்தால் உடம்பு கீழே போகும் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அப்டியே அடியிலயே இருக்காதுங்க. மூணு நாலு நாள்ல தானா மேல வந்துடும்" என்றும் சொன்னேன்.

"நாலாம் நாளா?"

"பெரும்பாலும்."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. வாளி நிரம்பி வழிந்தது. அவர் எழவில்லை.

"நாங்க மூணு நாள் தேடினோம்" என்றார் பூங்காவனம். "முப்பது போட்டு போச்சு. நாலாம் நாள் காத்து புடிச்சிக்கிச்சு. யாரும் போவல. இவன் மட்டும் கயித்த அவுத்துட்டான், அண்ணன் கெடைப்பாருன்னு. நான் தான் ஓடிப்போயி போட்டுக்கு முன்னாடி படுத்துக்கினேன். ஒருத்தரத் தேடப் போயி இன்னொருத்தரயும் வுடறதான்னு அழுதேன். அன்னிக்குத்தான் அவரு மேல வந்திருப்பாரு, இல்ல?"

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். "வந்திருக்கலாங்க" என்றேன். எவ்வளவு எடைக்குப் படகு எவ்வளவு தாழும் என்று தெரிந்தவனுக்கு, ஒரு சொல்லின் எடை தெரியாமல் போனது என் தவறு. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

எழுந்து வாளியைக் கடலில் ஊற்றிவிட்டு வந்தார். காலி வாளியைத் துளைக்குக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மணலில் சொட்டியது.

"அன்னிக்கு இவன நிறுத்தினது நானு" என்றார், எனக்கா ஏழுமலைக்கா என்று தெரியவில்லை. "இத்த வெச்சிகினு இன்னிக்கு இவன அனுப்பினா, அன்னிக்கு நிறுத்தினதுக்கு இன்னா அர்த்தம்? டேய் ஏழுமல, ஸ்பேனர் எங்கடா?"

ஏழுமலை ஸ்பேனரை எடுத்து வந்தான். ஆனால் அவனால் சட்டத்தில் கை வைக்க முடியவில்லை. "அண்ணி, வாணாம் அண்ணி, வேற எதுனா பண்ணலாம்" என்று அழுதுவிட்டான். அவர் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படகில் ஏறினார். மூன்று போல்ட் திரும்பியது. நான்காவது துருப்பிடித்துப் போயிருந்தது. இரும்பு அறுக்கும் வாளைக் கேட்டு வாங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் பிடித்தது. யாரையும் கிட்டே விடவில்லை. அறுத்து முடித்ததும் போட்டோவைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மொத்தம் பதினேழு வாளி, முந்நூற்று நாற்பது லிட்டர். நான் போட்ட கணக்குக்கும் அதற்கும் பத்துதான் வித்தியாசம். கடைசி வாளிகளை ஏழுமலை கொண்டுபோய் ஊற்றினான். மூன்றரை மணிக்கு நான் கிளம்பியபோது டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். மரக்காணத்தில் 4.10க்குத் திண்டிவனம் வண்டி, அங்கிருந்து விழுப்புரம். வீடு வந்து சேர 6.50 ஆனது. வழியில் உப்பளத்தில் வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தார்கள், அந்த நேரத்து வெயிலில் படம் எடுக்க நன்றாக இருக்கும். நான் எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். விழுப்புரத்திலிருந்து போய்வர மொத்தம் இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜனவரிக்குப் பிறகு போனால்தான் உப்பளத்தில் வேலை நடக்கும். பாத்தி வரப்பில் கேட்காமல் நடக்காதீர்கள், அது அவர்கள் காலால் மிதித்துக் கட்டியது. குடிதண்ணீர் இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். குப்பத்துக்குப் பத்து மணிக்கு முன் போனால் படகுகள் கரையேறுவதைப் பார்க்கலாம். கூப்பிட்டால் ஒரு கை கொடுங்கள், கூப்பிடாமல் படம் எடுக்காதீர்கள்.

படகு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் ஒன்று. மூடிய தளத்தில் எதற்காகவும் துளை போடாதீர்கள், சாமி படத்துக்காக இருந்தாலும் சரி. மாதம் ஒருமுறை தளத்தைத் தட்டிப் பாருங்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் ஆள் தள்ள வேண்டி வந்தால், இன்ஜினையோ ஆட்களையோ குறை சொல்வதற்கு முன் கோட்டக்குப்பம் பக்கம் ஃபைபர் வேலை செய்பவர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். ஓட்டை விழுந்தால் உடனே மூழ்கிவிடுமா என்ற கேள்விக்கு என் பதிலும் இதுதான். பெரும்பாலும் உடனே மூழ்காது, நாலு வருடம்கூட மிதந்துகொண்டிருக்கும். எனவே மிதக்கிறதே என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

இதை எழுதி முடித்து வெளியிடுவதற்கு முன் ஏழுமலையிடம் படித்துக் காட்டத் தொலைபேசியில் அழைத்தேன். படகைப் பன்னிரண்டு நாள் வெயிலில் காயவைத்து, துளைகளை அடைத்து, நேற்றுத்தான் கடலில் விட்டார்களாம். பச்சைப் படகும் நீலப் படகும் இப்போது ஒரே அளவில் மிதக்கின்றன என்றார். முழுவதையும் கேட்டுவிட்டு, போடலாம் சார் என்றார். பிறகு, அண்ணி பேசணுமாம் என்று தொலைபேசியைக் கொடுத்தார்.

பூங்காவனம் கட்டுரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆளு கெடைக்கலன்னு இத்தினி நாளா அவருக்கு ஒண்ணும் செய்யல சார். யாரு சொல்லியும் நான் ஒத்துக்கல. வர்ற ஞாயித்துக்கெழம காரியம் வெச்சிருக்கேன். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். நீங்களும் வந்துடுங்க."

வருகிறேன் என்று சொன்னேன். அழுதுவிட்டேன். அவர்தான் அந்தப் பக்கத்திலிருந்து, பத்திரமா வாங்க சார் என்று சொல்லிவிட்டு வைத்தார்.